கடற்கரை மணல் கதிர் வீசுமென்றால் ஏன் வெடிப்பதில்லை?

மே 29, காலை 7.10

களியக்காவிளையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிர் வீசும். கூடங்குளத்தில் எரிப்பதும் இதே மணலைத்தான். அப்படியானால் நம் கடற்கரையே மூடி போடாத அணு உலை. ஒருநாள் வெடித்தால் என்ன ஆகும்?"

தம்பி, நீ சொன்னதில் முதல் இரண்டும் சரி. மூன்றாவது தவறு. அதனால் முடிவும் தவறு. கதிரியக்கம் வேறு, அணுப்பிளவு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் நம் கரையோரத்தில் பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறார்கள், கவனமாக இருக்க வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கிறார்கள். இரவு விரிவாக எழுதுகிறேன்.

மே 29, இரவு 9.45

நம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்குள் ஆடி, ஆவணி மாதம் நடந்தவர்களுக்கு இது புரியும். மரத்தில் காய்ந்த காய் 'டப்' என்று வெடித்து விதையைத் தூர எறியும். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் எங்கோ ஒரு மூலையில் இன்னொரு 'டப்'. அடுத்து எந்தக் காய் என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கே ஒன்று வெடித்ததற்கும் அங்கே ஒன்று வெடித்ததற்கும் சம்பந்தம் கிடையாது.

கதிரியக்கம் அப்படிப்பட்டது. நிலையில்லாத அணுக்கரு, யாரும் தொடாமலே தன்னிலிருந்து ஒரு துண்டை வீசிவிட்டு வேறு தனிமமாக மாறுகிறது. சுட்டாலும் குளிரவைத்தாலும் அமிலத்தில் ஊறப்போட்டாலும் அதன் வேகம் மாறாது.

இனி வேறொரு தோட்டத்தை நினைத்துக்கொள். அங்கே ஒரு காய் வெடித்தால் அதன் விதைகள் பறந்து போய் மற்றக் காய்களில் படுகின்றன. பட்ட காயும் உடனே வெடிக்கிறது. அதன் விதைகள் இன்னும் சில காய்களை வெடிக்கவைக்கின்றன. கண் மூடித் திறப்பதற்குள் தோட்டம் முழுக்க வெடித்துத் தீர்ந்துவிடும். அணுக்கரு இரண்டாக உடைந்து, அடுத்ததையும் உடைத்துக்கொண்டே போகும் பிளவுத் தொடர்வினை அதுதான். ரப்பர் காய்க்குள் சாதாரணமாக மூன்று விதை இருக்கும். யுரேனியம்-235 அணு (பேருக்குப் பின்னால் வரும் எண் அணுக்கருவின் எடை எண்) ஒன்று பிளந்தால் இரண்டோ மூன்றோ நியூட்ரான், அதாவது அணுக்கருவுக்குள் இருக்கும் சிறு துகள், வெளியே வரும், சராசரி ஏறத்தாழ 2.4. கிட்டத்தட்ட நம் ரப்பர் காய்க் கணக்குத்தான்.

கடற்கரை மணல் முதல் தோட்டம். இங்கே விதை எறிவதோடு கதை முடிந்தது.

மே 30, இரவு 10.20

இந்தக் கருப்பு மணல் உலகத்துக்குத் தெரியவந்த கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் பாட்டி தேங்காய்க் கதம்பை அழுகப்போட்டு, அடித்துத் தும்பாக்கிக் கயிறு திரித்தவர். அப்படி நம் கரையில் திரித்த கயிறு கப்பலேறி ஜெர்மனிக்குப் போனது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, இதில் மோனசைட் என்ற தோரியம் கலந்த கனிமம் இருக்கிறதே என்று கண்டுபிடித்தார். அதைத் தேடி மணவாளக்குறிச்சிக்கே வந்து தொழிலும் தொடங்கினார். அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்.

அன்று யாரும் அணுவுக்காக மணலைத் தேடவில்லை. விளக்குக்காகத் தேடினார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே அந்த மேண்டில், அதைத் தோரியம் ஆக்சைடில் செய்தார்கள். ஆயிரம் கல்யாணமும் திருவிழாவும் அந்த வெளிச்சத்தில் நடந்திருக்கின்றன. தூள்தூளாக உதிர்ந்த பழைய மேண்டிலை ஊதித் தள்ளிவிட்டுப் புதிது கட்டுவார்கள். அப்படி ஊதியது சரியான பழக்கமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

கதிரியக்கத்தை முதலில் கண்டவர் பெக்கெரல், 1896இல், யுரேனிய உப்பில். தோரியமும் கதிர் வீசுகிறது என்பதை 1898இல் மேரி கியூரியும் ஷ்மிட் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டார்கள். அப்புறம் ரூதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து ஒரு வாயு வருவதையும் அதன் வீரியம் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதையும் அளந்தார். இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிற 'அரை ஆயுள்' என்ற எண்ணம் பிறந்தது அந்த வாயுவில்தான். அதன் பெயர் தோரான், அரை ஆயுள் 56 வினாடி. நம் கரையில் மணல் கிடக்கும் இடமெல்லாம் அது சதா பிறந்துகொண்டிருக்கிறது.

ஜூன் 1, காலை 6.30

திருத்தம். நேற்று முன்தினம் "கருப்பு மணல்" என்று எழுதிவிட்டேன். ஊரில் அப்படித்தான் பேசுகிறோம், ஆனால் தவறு. கருப்பாகத் தெரிவது இல்மனைட். அது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தது. வெள்ளைப் பெயின்டுக்கு வேண்டிய டைட்டானியம் டைஆக்சைடு அதிலிருந்துதான் வருகிறது. கதிர் வீசுவது மோனசைட். அது தேன் நிறத்தில், சில இடத்தில் மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். இரண்டும் சாதாரண மணலைப்போல இரண்டு மடங்கு கனம் என்பதால் அலை இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டு குவிக்கிறது. கருப்பு அதிகம் இருக்கும் இடத்தில் தேன் நிறமும் ஒளிந்திருக்கும். அதனால்தான் பழி கருப்பின்மேல் விழுந்தது.

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று இருந்தால் பார்க்கலாம். காய்ந்த மணலைக் காகிதத்தில் பரப்பிக் காந்தத்தை மேலே கொண்டுபோனால் கருப்புத் துகள்களில் பெரும்பங்கு எழுந்து ஒட்டிக்கொள்ளும். கீழே தங்குவதில்தான் சிவந்த கார்னெட், நிறமற்ற சிர்கான், தேன் நிற மோனசைட் எல்லாம்.

ஜூன் 2, இரவு 9.00

"தோரியம் எத்தனை நாளில் தீரும்?" என்று நீரோடிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி தீரவே 1,405 கோடி ஆண்டு ஆகும். பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி. பூமி பிறந்தபோது இருந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு மெதுவென்றால் ஏன் கவலை என்று தோன்றும். ஒரு கிராம் தோரியத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 4,000 அணு உடைகிறது. வினாடிக்கு நாலாயிரம், அப்படியே 1,405 கோடி ஆண்டு போனாலும் பாதி மிச்சம். அணு எவ்வளவு சிறியது என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

தோரியம் ஒரே தாவலில் அமைதியாகிவிடாது. ரேடியம், ஆக்டினியம், மறுபடி தோரியம், மறுபடி ரேடியம், தோரான் வாயு, பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று வேடம் மாறிக்கொண்டே போய்க் கடைசியில் ஈயம்-208 ஆக நிற்கும். அதற்குமேல் மாற்றமில்லை. கணக்குப் பிடித்தவர்கள் சரிபார்க்கலாம்: மணலில் இருப்பது தோரியம்-232. 232இலிருந்து 208க்கு 24 குறைகிறது. அணுக்கரு வீசும் துண்டில் கனமானது ஆல்பா, மிக இலேசானது பீட்டா. ஒரு ஆல்பா போனால் எடை எண் 4, அணு எண் 2 குறையும். ஆக ஆறு ஆல்பா. ஆறு ஆல்பா போனால் அணு எண் 90இலிருந்து 78க்கு இறங்கியிருக்க வேண்டும், ஆனால் ஈயம் 82. ஒரு பீட்டா போனால் அணு எண் ஒன்று ஏறும். ஆக நான்கு பீட்டா. மொத்தம் பத்துப் படி. என் மகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. அவள் விரல்விட்டு எண்ணி 82 வந்ததும் கைதட்டினாள்.

ஜூன் 4, இரவு 11.15

சரி, என் பேட்ஜ் கதை.

முப்பத்தோரு வருஷம் திருவனந்தபுரத்தில் கதிர்சிகிச்சைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்தேன். தினமும் குழித்துறையில் ரயிலேறிப் போய்வருவேன். அங்கே வேலை செய்பவர்கள் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பினால் நம் உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்று எழுத்தில் வரும். எனக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான். கோபால்ட்-60 இயந்திர அறைக்குச் சுவர் அவ்வளவு கனம். நாங்கள் நிற்பது வெளியே.

ஒருமுறை மைத்துனன் கல்யாணத்துக்காக மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். மனைவி வீடு சின்னவிளை, மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். விதிப்படி பேட்ஜை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அவசரத்தில் சட்டையோடு வந்துவிட்டது. அந்தச் சட்டை மாமனார் வீட்டுப் பழைய அறையில் ஆணியில் மூன்று வாரமும் தொங்கியது. அந்தச் சுவர், மாமனாரின் அப்பா காலத்தில் கடற்கரை மணலைக் கொண்டுவந்து பூசியது.

அந்தக் காலாண்டு அறிக்கையில் என் பெயருக்கு நேரே ஏறத்தாழ 1 மில்லிசீவெர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) என்று வந்தது. பாதுகாப்பு அலுவலர் என்னைக் கூப்பிட்டு, எந்த இயந்திரத்தில் தவறு நடந்தது, எதை மறைக்கிறாய் என்று கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் ஆணியும் சுவரும் ஞாபகம் வந்தன. சர்வே மீட்டரை எடுத்துக்கொண்டு அவரே சின்னவிளைக்கு வந்தார். சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் 'டிக் டிக் டிக்' என்று விடாமல் அடித்தது. மாமியார் பயந்துபோய், "மக்கா, வீட்டுக்குள்ள பாம்பு எதும் இருக்கா?" என்றார். பாம்பு இல்லை அத்தை, சுவர் பேசுகிறது என்றேன்.

அன்று எனக்கு உறைத்தது என்னவென்றால், முப்பது வருஷம் கதிர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவனின் பேட்ஜில் விழாத கதிர், மூன்று வாரம் ஒரு வீட்டுச் சுவரில் தொங்கியதில் விழுந்தது. அந்த அறையில்தான் என் மனைவி பிறந்து வளர்ந்தாள்.

ஜூன் 5, காலை 7.00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் பதறியிருக்கிறீர்கள். அளவுகளைச் சொல்லாமல் தூங்கப்போனது என் தவறுதான்.

பூமியில் எங்கே இருந்தாலும் மனிதன் இயற்கையாக வாங்கும் கதிர், உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட். மண், பாறை, விண்வெளி, காற்றில் உள்ள ராடான் என்ற கதிர் வீசும் வாயு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து. மார்பு எக்ஸ்ரே ஒன்று 0.1 அளவு. வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் 8, 10 வரை போகும். கதிர்த் தொழிலாளிக்கு அனுமதி, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20. ஆக அந்த மூன்று வாரத்து 1 பயந்து ஓட வேண்டிய அளவில்லை. அசட்டை செய்யவும் கூடாது.

கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலும் இதே மணல்தான். அங்கே திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். 2009இல் வெளியான முடிவு: மண்ணிலிருந்து வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. நிதானமாகச் செய்த வேலை, மதிக்கிறேன். ஆனால் "அப்படியானால் கதிர் உடம்புக்கு நல்லது" என்று சிலர் இதைத் திருப்பிச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 8, மாலை 5.30

நேந்திரன் பழத்தில் கதிர் இருக்கிறதா என்று வாட்ஸாப்பில் ஏதோ சுற்றுகிறதாம். இருக்கிறது. பொட்டாசியம் எங்கே உண்டோ அங்கே பொட்டாசியம்-40 பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கூடவே இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பில் வினாடிக்கு நாலாயிரத்துக்குக் குறையாத பொட்டாசியம்-40 அணுக்கள் உடைகின்றன. ஒரு கிராம் தோரியத்துக்குச் சொன்னேனே, அதே நாலாயிரம். உடம்பு பொட்டாசியத்தை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்வதால் பழம் கூடுதலாகத் தின்றால் கதிர் கூடிவிடாது. ஓணத்துக்குச் சிப்ஸ் தாராளமாகப் பொரியுங்கள்.

ஜூன் 9, இரவு 10.00

பிளவுக்கு வருகிறேன். இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. லிசே மைட்னருக்காகவே எழுதுகிறேன்.

பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின்மேல் நியூட்ரானை ஏவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தனிமம் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்தார்கள். 1938 டிசம்பரில் கிடைத்தது பேரியம். யுரேனியத்தின் எண் 92, பேரியம் 56. பலாப்பழத்தில் ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒரு சுளை வரும் என்று பார்க்க, பழமே இரண்டாகப் பிளந்து கிடந்தது போல. ஹானுக்கு விளங்கவில்லை. அவரோடு முப்பது வருஷம் வேலை செய்த மைட்னர், யூதர் என்பதால் அந்த ஜூலையில்தான் ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடனுக்குப் போயிருந்தார். ஹான் அவருக்குக் கடிதம் எழுதினார்.

கிறிஸ்துமஸ் விடுமுறை. மைட்னரும் அவர் அக்கா மகன் ஓட்டோ ஃப்ரிஷும் குங்கெல்வ் என்ற சிற்றூரில் பனியில் நடக்கப்போனார்கள். போகிற வழியில் ஒரு மரத்தண்டில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். அணுக்கருவை ஒரு நீர்த்துளியாக நினைத்துக்கொண்டால், அது நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டு துளியாகப் பிரியலாம். பிரிந்த இரண்டின் எடையையும் கூட்டினால் பழைய எடையைவிடக் கொஞ்சம் குறைகிறது. குறைந்த அந்த எடை ஐன்ஸ்டைன் சொன்னபடி ஆற்றலாகிறது: 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். ஒரு கரி அணு அடுப்பில் எரிந்தால் வருவது நாலு எலக்ட்ரான் வோல்ட். ஐந்து கோடி மடங்கு. ஒரு கிலோ யுரேனியம்-235 முழுக்கப் பிளந்தால் 2,500 டன்னுக்கும் மேலான நிலக்கரிக்குச் சமம்.

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு உயிரியலார் வைத்திருந்த 'ஃபிஷன்' (பிளவு) என்ற பெயரை ஃப்ரிஷ் இதற்கும் கடன் வாங்கினார். 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது. மைட்னருக்கு ஒருபோதும் கொடுக்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுவதில்லை.

ஜூன் 11, காலை 6.45

தம்பியின் கேள்விக்கு இப்போது நேரான பதில். மணல் ஏன் வெடிக்காது?

மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்கு தோரியம் ஆக்சைடு. தோரியம்-232 மெதுவான நியூட்ரான் பட்டால் பிளக்காது, அதை விழுங்கிக்கொள்ளும். விதை பட்டும் வெடிக்காத காய். கூடவே யுரேனியம் இருக்கிறது, ஆனால் அரை விழுக்காடுகூட இல்லை. அந்த யுரேனியத்திலும் பிளக்கக்கூடிய 235 என்பது ஆயிரத்துக்கு ஏழு. மிச்சமெல்லாம் 238. பிளக்கக்கூடிய காய் கோடியில் சில என்ற கணக்கில் சிதறிக் கிடக்கும் தோட்டத்தில் தொடர் எப்படிப் பற்றும்?

கூடங்குளத்தில் போடுவது ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியம், 235 மூன்று நான்கு விழுக்காடு இருக்கும்படி. நம் மணல் அந்த உலைக்குள் போவதில்லை. குண்டுக்கு வேண்டியது 90 விழுக்காட்டைச் சுற்றி. அதனால் உலையும் குண்டு போல வெடிக்காது. உலைக்கு வேறு ஆபத்து உண்டு, வருகிறேன்.

ஜூன் 11, இரவு 8.50

பாறசாலைக்காரர் நல்ல கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார்: "ஆப்பிரிக்காவில் தரைக்குள்ளேயே இயற்கையாக அணு உலை ஓடியதாமே?"

ஓடியது. காபோன் நாட்டில் ஓக்லோ. 1972இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து வந்த யுரேனியத்தில் 235 கொஞ்சம் குறைவதைக் கவனித்தார்கள். 0.720 இருக்க வேண்டிய இடத்தில் 0.717. அந்த மயிரிழை வித்தியாசத்தைத் துருவிப்போய், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுக்கு முன் அங்கே தொடர்வினை நடந்திருக்கிறது என்று கண்டார்கள். அன்று இயற்கை யுரேனியத்தில் 235 மூன்று விழுக்காட்டைச் சுற்றி இருந்தது, இன்றைய கூடங்குள எரிபொருள் போல. 235க்கு அரை ஆயுள் 70 கோடி ஆண்டு. 238க்கு 447 கோடி. ஒன்று வேகமாகத் தேய்ந்ததால் பங்கு குறைந்துவிட்டது. அங்கே தாது கெட்டியாகக் குவிந்திருந்தது, நியூட்ரானை மெதுவாக்க நிலத்தடி நீரும் இருந்தது. அப்போதும் அது வெடிக்கவில்லை. நீர் கொதித்து ஆவியானால் வினை நிற்கும், நீர் ஊறினால் மறுபடி தொடங்கும். இன்றைய பூமியில் எந்த மண்ணிலும் அது திரும்ப நடக்க 235 போதாது.

ஜூன் 12, மதியம் 1.30

"அப்புறம் எதற்கு அரசாங்கம் மோனசைட்டைப் பொத்திப் பாதுகாக்கிறது?"

தோரியம் பச்சை விறகு. தானாகப் பற்றாது. எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டால் அதுவும் எரியும். உலைக்குள் தோரியம்-232 ஒரு நியூட்ரானை விழுங்கினால் 233 ஆகும், ஏறத்தாழ 22 நிமிட அரை ஆயுளில் புரொட்டாக்டினியம் ஆகும், அது 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம்-233 ஆகும். இந்த 233 நன்றாகப் பிளக்கும். ஹோமி பாபா 1954இல் போட்ட மூன்று கட்ட அணுமின் திட்டம் முடியும் இடம் இதுதான். நம்மிடம் யுரேனியம் கொஞ்சம், தோரியம் ஏராளம். கல்பாக்கத்தில் காமினி என்று ஒரு சிறிய உலை, 30 கிலோவாட், 1996இலிருந்து. அதன் எரிபொருள் யுரேனியம்-233. மூன்றாவது கட்டம் பெரிய அளவில் மின்சாரம் தருவதை என் பேரன் பார்ப்பான் என்று நம்புகிறேன்.

ஜூன் 15, இரவு 9.30

மூன்று நாளாக ரப்பர் காய் உதாரணம் மனதை உறுத்துகிறது. ஒரு இடத்தில் அது பொய் சொல்கிறது.

ரப்பர் காய் முற்றும், காயும், பருவம் வந்தால் எல்லாமே வெடித்துத் தீரும். அணுவுக்கு முதுமை கிடையாது. பூமி பிறக்கும் முன்பே உண்டான தோரியம் அணு, இன்றும் நேற்றுப் பிறந்தது போலத்தான். 450 கோடி வருஷம் காத்திருந்ததால் அதற்கு உடையும் நேரம் நெருங்கிவிட்டது என்று ஆகாது. ஒவ்வொரு வினாடியும் உடையும் வாய்ப்பு அதே அளவு. அதனால்தான் பாதி, பாதியில் பாதி என்று தேய்கிறதே தவிர ஒருநாள் மொத்தமாக முடிவதில்லை. ஒரு அணுவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கோடானுகோடி அணுவைப் பற்றி மிகத் துல்லியமாகச் சொல்லலாம். காய் உதாரணத்தைச் சத்தத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வயதுக்கு வேண்டாம்.

ஜூன் 18, இரவு 11.40

இதை எழுதலாமா என்று தயங்கினேன்.

என் தங்கச்சிக்குத் தைராய்டில் புற்றுநோய் வந்தது. அறுவை முடிந்து கதிர் அயோடின் கொடுத்தார்கள். அயோடின்-131, அரை ஆயுள் 8 நாள். உலையில் யுரேனியம் பிளக்கும்போது பிறக்கும் துண்டுகளில் அதுவும் ஒன்று. மைட்னர் பனியில் உட்கார்ந்து போட்ட கணக்கு என் தங்கச்சியின் கழுத்துக்குள் வந்து அவளைக் காப்பாற்றியது.

தனியறையில் வைத்து, அளந்து, அளவு இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் வீட்டாரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. "கொஞ்ச நாள் குழந்தைகளை ஒட்டவிடாதீர்கள்" என்ற ஒரு வரிதான். அந்த வரி ஊருக்குள் பரவியது. ஆறு மாதம் அவள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. அவள் கொடுத்தனுப்பிய மீன் குழம்பைப் பக்கத்து வீட்டு அக்கா தென்னைமூட்டில் கொட்டியதை அவளே பார்த்தாள். நான் இதே துறையில் இருந்தவன், வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எக்ஸ்ரே, சி.டி., கோபால்ட் இயந்திரம் இவற்றில் கதிர் வெளியிலிருந்து உடம்பில் பட்டுப் போகிறது. வெயிலில் நின்றுவிட்டு வந்தவன் மேலிருந்து வெயில் அடிக்காது. அந்த நோயாளியை அப்போதே கட்டிப்பிடிக்கலாம். அயோடின் குடித்தவர் அப்படியல்ல; கதிர் வீசும் பொருளே உடம்புக்குள் இருக்கிறது. சில நாள் தள்ளி இருக்க வேண்டும், குறிப்பாகக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும். கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விட வேண்டும். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் முடிந்தால் விலகி இருக்கக் காரணமே இல்லை.

ஜூன் 19, காலை 6.10

"8 நாள் அரை ஆயுள் என்றால் 16 நாளில் சுத்தமா?" இல்லை, 16 நாளில் கால் பங்கு மிச்சம், 24இல் அரைக்கால். ஆனால் உடம்பு அதற்குக் காத்திருக்காது. தைராய்டு எடுத்தவரின் உடம்பில் தங்க இடமில்லாத அயோடின் முதல் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். எண்பது நாளில், அதாவது பத்து அரை ஆயுளில், தானாகத் தேய்ந்தாலே ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆறு மாதம் என்பது அறிவியலில் எங்கேயும் இல்லாத கணக்கு.

ஜூன் 23, இரவு 10.30

உலைக்கு வேறு ஆபத்து உண்டு என்று சொன்னேன். கதிரியக்கமும் பிளவும் வேறு வேறு என்று இத்தனை நாள் பிரித்துக் காட்டினேன். இரண்டும் கைகோக்கும் இடம் இதுதான்.

கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் நியூட்ரானை அவை விழுங்கிக்கொள்ளும், பிளவுத் தொடர் சில வினாடியில் நின்றுவிடும். ஆனால் ஏற்கனவே பிளந்த துண்டுகள், அயோடின், சீசியம், ஸ்ட்ரான்ஷியம் எல்லாம், எரிபொருளுக்குள் உட்கார்ந்து தம் போக்கில் உடைந்துகொண்டிருக்கும். இரண்டாம் தோட்டத்தை நிறுத்திய பிறகு முதல் தோட்டம் தொடங்குகிறது. அதை நிறுத்த எந்தத் தண்டும் கிடையாது. நிறுத்திய உடனே முழு வெப்பத்தில் ஆறேழு விழுக்காடு, ஒரு நாள் கழிந்தும் அரை விழுக்காட்டைச் சுற்றி. கூடங்குளத்தின் ஒரு உலை 3,000 மெகாவாட் வெப்பம் தருவது. அரை விழுக்காடு என்றால் 15 மெகாவாட். நிறுத்தி ஒரு நாளான உலைக்குள் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இரண்டு கிலோவாட் ஹீட்டர்கள் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11இல் நிலம் அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகளில் பிளவு தானாக நின்றது. அதில் தவறு நடக்கவில்லை. பிறகு வந்த அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. தண்ணீர் ஓட்ட மின்சாரம் இல்லை. எரிபொருள் உருகியது. சூட்டில் உண்டான ஹைட்ரஜன் வாயு வெடித்துக் கட்டடத்தின் மேற்பகுதியைப் பிய்த்தது. தொலைக்காட்சியில் பார்த்த அந்த வெடிப்பு அணு வெடிப்பல்ல.

2004 டிசம்பர் 26இல் குளச்சலில் அலை வந்ததைப் பார்த்தவர்கள் நாம். அதனால் ஒரு உலையைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி "வெடிக்குமா" என்பதல்ல. மின்சாரம் போனால் எத்தனை நாள், எந்தத் தண்ணீரால், எந்த உயரத்தில் வைத்த இயந்திரத்தால் குளிரவைப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

ஜூன் 27, மாலை 6.00

சின்னவிளை போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கடல் சீறுகிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு அலை வெள்ளை மணலை வாரிக்கொண்டு போய்க் கனமணலை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கரை முழுக்கக் கருப்பு வரி வரியாக. மலையில் கோடிக்கணக்கான வருஷம் பாறை சிதைந்து, வள்ளியாறும் மற்ற ஆறுகளும் உருட்டிக்கொண்டு வந்ததை அலை சலித்துக் கொடுத்திருக்கிறது. பேரன் காந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். விடவில்லையா என்று கேட்காதீர்கள், விட்டேன். அரை மணி நேரம் விளையாடினான், கை கழுவவைத்து, பிறகுதான் சாப்பாடு. மணலைத் தின்பதும் தூசியை மூச்சில் இழுப்பதும்தான் கூடாது. ஆல்பாக் கதிர் தோலைத் தாண்டாது. உள்ளே போய்விட்டால் நுரையீரலுக்கு அருகிலேயே நின்று தாக்கும். மேண்டில் தூளை ஊதக் கூடாது என்று சொன்னதும் இதனால்தான்.

மாமனார் வீட்டு அந்தப் பழைய அறையின் பூச்சைப் போன வருஷம் கொத்தி எடுத்துவிட்டோம். எடுக்கும்போது நனைத்து நனைத்துக் கொத்தச் சொன்னேன். ஆற்று மணலில் மறுபடி பூசி, ஜன்னலைப் பெரிதாக்கினோம். தோரானுக்கு ஆயுள் குறைவு, காற்றோட்டம் இருந்தால் அறையில் தங்காது.

தம்பி கடைசியாகக் கேட்டது: கடையில் வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு பாட்டிலில் மோனசைட் பிரித்து வைக்கலாமா? வேண்டாம். அணுசக்திச் சட்டப்படி மோனசைட் கட்டுப்பாட்டுக்குரிய பொருள். உரிமம் இல்லாமல் பிரித்துச் சேர்த்து வைக்கக் கூடாது. நீ உட்காரும் மேசைக்குப் பக்கத்தில் பத்து மணி நேரம் அது இருப்பதும் நல்லதில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னவிளைக்கு வா, காந்தம் என்னிடம் இருக்கிறது.